மின்வண்டியும் வீட்டுச் சுவரும்

மாட்டு வண்டிக் காலத்தில், வண்டி வாங்க நினைத்த குடியானவன் அதன் விலையை விசாரிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வான். கொல்லையில் வைக்கோல் போர் போட இடம் இருக்கிறதா, மாட்டைக் கட்ட ஒரு கொட்டில் தேறுமா என்று பார்ப்பான். தீனிக்கும் கொட்டிலுக்கும் வழி இல்லாதவன் வண்டிக்கு ஆசைப்பட மாட்டான். பிறகு பெட்ரோல் வண்டி வந்து நம்மை அந்தக் கவலையிலிருந்து விடுவித்தது. தீனி கடைத்தெருவில் கிடைத்தது; வண்டியைத் தெருவோரம் நிறுத்தினாலும் அது பட்டினி கிடக்கவில்லை. இப்போது மின்சார வண்டி வந்திருக்கிறது. குடியானவனின் பழைய கேள்வியையும் அது கூடவே அழைத்து வந்திருக்கிறது. வண்டி சரிதான், தீனியை எங்கே வைப்பது?

சாயர்புரத்தில் நமக்குத் தெரிந்த உபாத்தியாயர் ஒருவர் மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். அவர் தினந்தோறும் தூத்துக்குடிக்குப் போய் வருகிறவர். போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. குடியிருப்பது ஒரு மாடிப் பகுதியில், வாடகைக்கு. வண்டி வந்த அன்று மாலை வீட்டுக்காரரிடம் போய், "அண்ணாச்சி, ராத்திரியில் ஒரு நாலைந்து மணி நேரம் கீழே உள்ள பிளக்கில் கரண்டு எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எடுக்கலாம், ஸார்வாள். ஆனால் அது வெடிச்சுக் கிடிச்சுப் போயிராதே?" என்றார். அந்த "ஆனால்" ஒரு மாதம் நீடித்தது. அதுவரையில் மாடி ஜன்னலிலிருந்து ஒரு நீளமான வயர் வேப்பமரக் கிளை வழியாகத் தொங்கி வந்து ஸ்கூட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மழை பெய்த இரவுகளில் அவர் தூங்கவில்லை.

இது அண்ணாச்சியின் குற்றமுமல்ல, உபாத்தியாயரின் குற்றமுமல்ல. மின்வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பாட்டரியைப் பற்றியும் புகையைப் பற்றியும் பேசுகிறார்கள். ராத்திரியில் வண்டியை எந்தச் சுவருக்குப் பக்கத்தில் கட்டுவது, அந்தச் சுவர் யாருடையது என்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொற்பம். சில தேசத்துச் சர்க்கார்கள் இந்தச் சுவரைப் பற்றி யோசித்து, அதற்கென்று மான்யமும் கொடுத்திருக்கின்றன. அந்த மான்யங்கள் போன வழியைப் பார்த்தால் நமக்குப் பிரயோஜனமான சில விஷயங்கள் தெரியவரும்.

பிரான்ஸில் வீட்டில் சார்ஜர் பொருத்துகிறவருக்கு வருமான வரியில் ஒரு கழிவு கொடுத்தார்கள். 2021 முதல், செலவில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு, அதிகம் போனால் 300 யூரோ. 2024-ல் அந்த உச்சவரம்பை 500 யூரோவாக உயர்த்தினார்கள். அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 45,000 ரூபாய். 2025 டிசம்பர் 31 வரையில் என்று சட்டத்திலேயே காலவரம்பு எழுதியிருந்தார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கும் அந்தத் தொகை பணமாகவே திரும்பக் கிடைத்தது. சொந்த வீட்டுக்காரர், வாடகைக் குடித்தனக்காரர் என்ற பேதம் இல்லை. தொகையை உயர்த்திய வருஷத்தில் கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ராத்திரி எந்த நேரத்தில் மின்சாரத்துக்குக் கிராக்கி குறைவோ அந்த நேரம் பார்த்து, வேண்டும்போது வேகத்தைக் குறைத்துச் சார்ஜ் ஏற்றத் தெரிந்த கருவிக்கு மட்டுமே கழிவு உண்டு. பணம் கொடுக்கிறவன் கணக்குக் கேட்டிருக்கிறான், அதில் தவறில்லை.

ஆனால் அந்த நாட்டில் நமக்கு மேலாகப் பட்டது இந்த 500 யூரோ அல்ல. 2010-ல் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம் "பிளக்குக்கு உரிமை" என்று ஒன்றை அவர்கள் ஏற்படுத்திவிட்டார்கள். அடுக்குமாடிக் கட்டிடத்தில் குடியிருக்கும் எவரும், வாடகைக்கு இருப்பவரேயானாலும், தம் செலவில் தம் வண்டி நிறுத்தும் இடத்தில் சார்ஜ் ஏற்றும் வசதி செய்துகொள்ளலாம். தக்க காரணம் காட்டாமல் மற்றவர்கள் தடுக்க முடியாது. நம் ஸார்வாளுக்கு அப்படி ஓர் உரிமை இருந்திருந்தால் வேப்பமரத்துக்கு அந்த வேலை வந்திராது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அங்கேயும் வீட்டுச் சார்ஜருக்கு 350 பவுன் வரையில் உதவி செய்துவந்தார்கள். நாளடைவில் கவனித்ததில், வாசலில் சொந்தமாகக் கார் நிறுத்த இடமுள்ள தனி வீட்டுக்காரர்கள் எப்படியும் சார்ஜர் வாங்கிவிடுகிறார்கள், அடுக்கு வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்கள்தான் பின்தங்கிவிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆகவே 2022 ஏப்ரல் முதல் தனி வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மான்யத்தை நிறுத்தி, வாடகைக்காரர்களுக்கும் அடுக்கு வீட்டுக்காரர்களுக்கும் மட்டும் என்று திருப்பிவிட்டார்கள். வெள்ளைக்காரர் செய்ததையெல்லாம் சிலாகிக்கும் வழக்கம் நமக்கு இல்லை. இந்த ஒன்றைச் சிலாகிக்கலாம்.

நம் தேசத்தில் வீட்டுச் சார்ஜருக்கென்றே மான்யம் கொடுக்க முன்வந்தது தில்லி சர்க்கார். 2020 ஆகஸ்டில் வெளியிட்ட மின்வண்டிக் கொள்கையில், முதல் 30,000 சார்ஜ் முனைகளுக்கு, முனை ஒன்றுக்கு 6,000 ரூபாய் வரையில் உதவி என்று அறிவித்தார்கள். 2021 நவம்பரில், மனுப் போடுவதிலிருந்து ஆள் வந்து பொருத்துவது வரையில் எல்லாவற்றையும் மின்சாரக் கம்பெனிகள் மூலம் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ள ஏற்பாடும் செய்தார்கள். ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் போதுமான சிறிய முனைகளையும் அந்தத் திட்டத்தில் சேர்த்தது நல்ல யோசனை. ஏனென்றால் நம் தேசத்து மின்வண்டி என்பது முக்கால்வாசி ஸ்கூட்டரும் மூன்று சக்கர வண்டியுமே. ஐரோப்பாவில் சார்ஜர் என்றால் கார் சார்ஜர். சுவரில் பதிக்கும் பெரிய பெட்டி. இங்கே அது வெறும் பதினைந்து ஆம்பியர் பிளக்.

மத்திய சர்க்கார் வேறு வழியில் போயிற்று. 2024 அக்டோபரில் ஆரம்பித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 10,900 கோடி ரூபாய். அதில் 2,000 கோடி பொதுச் சார்ஜ் நிலையங்களுக்கு. வீட்டுச் சுவருக்கு ஒரு தம்பிடி கிடையாது. நெடுஞ்சாலைகளிலும் நகரங்களிலும் நிலையங்கள் வரவேண்டியது அவசியம்தான். ஆனால் ஸ்கூட்டர்காரன் அங்கே போய் நிற்பது அபூர்வம். வண்டி தூங்கும் இடத்தில்தான் அது சாப்பிடவும் வேண்டும்.

வீட்டுச் சார்ஜருக்கு நம்மவர்கள் மான்யம் கொடுக்கவில்லை என்றாலும், அந்தச் சார்ஜரை முன்னிட்டு நம் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளைச் சுற்றி ஒரு பெரிய விவகாரம் நடந்தது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2019-ல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் திட்டத்தில், ஸ்கூட்டரின் தொழிற்சாலை விலை ஒன்றரை லட்ச ரூபாய்க்கு உட்பட்டிருந்தால்தான் மான்யம் என்பது விதி. சில ஸ்தாபனங்கள் என்ன செய்தன என்றால், வண்டியை ஒரு விலைக்கும், அதைச் சார்ஜ் செய்யும் கருவியை வேறொரு விலைக்கும் தனித்தனியே விற்றன. கருவியைக் கழித்த பிறகு வண்டியின் விலை ஒன்றரை லட்சத்துக்குள் சௌகரியமாக அடங்கிவிட்டது. காளையை ஒரு விலைக்குக் கொடுத்து, மூக்கணாங்கயிற்றுக்குத் தனி விலை கேட்பது போல! சர்க்கார் கண்டுபிடித்து விளக்கம் கேட்டது. 2023 மே மாதத்தில் ஓலா, ஏதர், டி.வி.எஸ்., ஹீரோ ஆகிய நான்கு ஸ்தாபனங்களும் வாங்கினவர்களுக்குச் சார்ஜர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஓலா ஒன்று மட்டும் திருப்ப வேண்டியிருந்தது சுமார் 130 கோடி. முதல் மூன்றின் தொழிற்சாலைகளும் நம் கிருஷ்ணகிரி ஜில்லாவில், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இருக்கின்றன. அடுத்த மாதமே, அதாவது 2023 ஜூன் முதல் தேதியிலிருந்து, கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக இருந்த வண்டி மான்யம் 10,000 ஆகவும், விலையில் நூற்றுக்கு நாற்பது வரையில் என்றிருந்த உச்சவரம்பு பதினைந்தாகவும் குறைந்தன. மான்யம் குறைந்தபின் வண்டி வாங்க வந்த குடும்பஸ்தனுக்கு அந்தப் பழைய விவகாரத்தில் சம்பந்தம் எதுவும் இல்லை. விலையை மட்டும் அவன் கொடுத்தான்.

நம் மாகாணத்தில் வேறுவிதமான மான்யம் ஒன்று எல்லா வீட்டிலும் ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் படிப்படியாகக் கட்டணச் சலுகை. மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஏற்பட்ட இந்த ஏற்பாடு, மின்வண்டி வந்ததும் விசித்திரமாக வேலை செய்கிறது. கணக்கு வாத்தியார் என்ற முறையில் இதைப் போட்டுப் பார்க்காமல் நம்மால் இருக்க முடியவில்லை.

2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பிற்பாடு விகிதம் சற்று உயர்ந்திருக்கிறது, கணக்கின் போக்கு அதேதான். ஒரு வீட்டில் இரண்டு மாதத்தில் 450 யூனிட் செலவாகிறது. முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு இரண்டே கால் ரூபாய் வீதம் 225. அதற்கடுத்த 200-க்கு நாலரை வீதம் 900. மீதி 50-க்கு ஆறு ரூபாய் வீதம் 300. ஆக 1,425 ரூபாய். இந்த வீட்டில் ஒரு ஸ்கூட்டர் வந்து சேர்கிறது. நம் ஸார்வாளைப் போல நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, தினம் ஒன்றரை யூனிட் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் ஐம்பது வேலை நாள், 75 யூனிட். மொத்தம் 525 ஆகிவிட்டது. இங்கேதான் சூட்சுமம். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு இரண்டே கால் ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது. 101-லிருந்து 400 வரையில் நாலரை வீதம் 1,350. அடுத்த 100-க்கு 600. கடைசி 25-க்கு எட்டு ரூபாய் வீதம் 200. மொத்தம் 2,150. ஸ்கூட்டர் குடித்த 75 யூனிட்டுக்காக அந்த வீடு கூடுதலாகக் கொடுத்தது 725 ரூபாய். யூனிட் ஏறக்குறைய ஒன்பதே முக்கால் ரூபாய்!

அப்படியும் அது பெட்ரோலை விட மலிவுதான், மறுப்பதற்கில்லை. அதே 2,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் நாற்பது லிட்டருக்கு மேல் கேட்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் நாலாயிரம் ரூபாய். ஆகவே ஓடும் செலவுக்கு மான்யம் வேண்டுமென்று யாரும் அழவேண்டியதில்லை. சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பல வாடகை வீடுகளில் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு. உள்மீட்டர் வைத்துப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். மேலே இருப்பவர் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏற்றினால் கீழே இருப்பவரின் பில்லும் 500-ஐத் தாண்டுகிறது. அண்ணாச்சியின் "ஆனால்" வெடிப்பைப் பற்றி மட்டும் எழுந்ததல்ல என்பது நமக்குப் பிறகுதான் விளங்கிற்று. அவர் அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டார்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. வீட்டு இணைப்பிலிருந்தே வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்சார இலாகா 2022 ஜனவரியில் வெளியிட்ட விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோது, வண்டிக்கென்றே தனி இணைப்பு கேட்டுப் பெறலாம் என்றும் சேர்த்தார்கள். தனி மீட்டர் இருந்தால் ஸ்கூட்டரின் கணக்கு ஸ்கூட்டரோடு. வீட்டின் சலுகை வீட்டோடு. ஆனால் தனி இணைப்புக்கு மனு, வைப்புத் தொகை, மீட்டர், வயர், அதற்கு மேல் சுவரின் சொந்தக்காரர் சம்மதம் என்று வரிசையாக இருக்கின்றன. மான்யம் கொடுப்பதானால் இங்கே கொடுக்கலாம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். கார் வாங்க வசதியுள்ளவர் பெட்டியையும் வாங்கிக்கொள்வார். வாடகைக்காரன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கட்டவேண்டிய அந்தச் சில ஆயிரங்களும், ஒரு நல்ல எர்த்தும்தான் நம் ஊரில் வண்டியைத் தடுத்து நிறுத்துகின்றன.

எர்த் என்றதும் ஒரு வார்த்தை. இந்த ஜில்லாவில் செம்மணல் தேரிகள் உண்டு. காய்ந்த மணலில் மின்சாரம் சுலபமாக இறங்காது. கரியும் உப்பும் கொட்டி, கோடையில் தண்ணீரும் ஊற்றி வந்தால்தான் எர்த் குழி உயிரோடிருக்கும். உப்புக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே உப்பு, கடலோரத் தெருக்களில் காற்றோடு வந்து பிளக்கின் பித்தளைக் கால்களில் பச்சையாகப் பூத்து, இணைப்பைத் தளர்த்திச் சூடேற்றுகிறது. பல இடங்களில் வண்டியின் மேல் விழும் பழியில் பாதி இந்தப் பச்சை பூத்த பிளக்கின் மேல் விழவேண்டியது. இரவெல்லாம் சுமை தாங்கவேண்டிய கம்பிக்குத் தடிமன் வேண்டும். கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு வண்டி விலையில் ஒரு சிறு துளி. அந்தத் துளியைச் செலவிடாமல் வேப்பமரத்தில் வயர் கட்டுகிறோம்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து சற்றுத் தொலைவில், சில்லாநத்தம் சிப்காட் தொழிற்பேட்டையில், வியட்நாம் தேசத்து வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை நானூறு ஏக்கரில் எழுந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 25-ல் அஸ்திவாரம் போட்டு, 2025 ஆகஸ்டு 4-ல் திறந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 50,000 கார் என்பது திட்டம். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை அந்நியக் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்ட துறைமுகத்தின் பக்கத்திலேயே அந்நிய தேசத்துக் கார்த் தொழிற்சாலையா என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்கிறது. ஆகவே நாம் ஒரேயடியாக முகத்தைச் சுளிக்கவில்லை. வ.உ.சி. சேர்த்த பங்குகள் ஜனங்கள் கொடுத்த பணம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்வோம். தொழிற்சாலைக்கு இடமும் சலுகையும் கொடுப்பதும் ஜனங்களின் பணமே. அந்தத் தொழிற்சாலையில் உருவாகும் வண்டியை அதே ஜில்லாவில் வாடகை வீட்டில் இருப்பவன் சார்ஜ் செய்ய வழியிருக்கிறதா என்று கேட்பதற்கு ஜனங்களுக்குப் பாத்தியதை உண்டு.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். 1944-ல் பாபநாசத்து நீர்வீழ்ச்சி நம் பக்கத்துக்கு மின்சாரம் கொடுத்தது. 1979-ல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கிற்று. நிலக்கரியில் பிறந்த மின்சாரத்தால் ஓடும் ஸ்கூட்டர் புகையே விடுவதில்லை என்று சொல்வது பாதி உண்மை. தெருவில் விடவேண்டிய புகையைக் கடற்கரைப் புகைபோக்கியில் விடுகிறது. ஆனால் உப்பு விளைகிற வெயில் உள்ள ஊர் இது. வருஷத்தில் பல மாதம் வானத்தைப் பார்த்துக் கண் கூசுகிறவர்கள் நாம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட, முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய் வரையில் மான்யம் உண்டு. மூன்று கிலோவாட்டுக்கு முந்நூறு சதுர அடி மொட்டை மாடி போதும். நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வரையில் எதிர்பார்க்கலாம். ஸ்கூட்டருக்கு வேண்டியது ஒன்றரை. பகலில் வண்டி பள்ளிக்கூட வாசலில் நிற்கும். அப்போது மிஞ்சுவது மின்வாரியத்தின் கம்பிக்குப் போய், இரவில் எடுப்பதோடு கழியும். பிரெஞ்சுக்காரர் சுவருக்குக் கொடுத்ததை நாம் கூரைக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லலாம். கூரையும் சொந்தக்காரனுடையதுதான் என்பது வேறு விஷயம்.

நம் உபாத்தியாயரின் காரியம் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவுக்கு வந்தது. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நாமும் கூடப் போனோம். 500 யூனிட் விஷயத்தைப் படித்துக் காட்டியபோது அண்ணாச்சியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தாம் சொல்லத் தயங்கியதை வேறொருவர் கணக்காகவே சொல்லிவிட்டார் அல்லவா? பில் 500-ஐத் தாண்டும் மாதங்களில் அதிகமாகும் முழுத் தொகையையும் தாம் கொடுப்பதாக ஸார்வாள் ஒப்புக்கொண்டார். வயர்மேன் வந்து படியடியில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக்கும், பாதுகாப்பு ஸ்விட்சும், சின்னதாக ஓர் உள்மீட்டரும் வைத்தார். பின்புறம் புதிதாக எர்த் குழி தோண்டினார்கள். குழிக்கு வேண்டிய உப்பை அண்ணாச்சியே கொண்டுவந்து கொட்டினார். தனி இணைப்புக்கு மனுவும் போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, படியடியில் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உள்மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஸார்வாள், மாடியில் தகடு போட்டால் எவ்வளவு கொடுப்பாங்கன்னு சொன்னீங்க? எழுபத்தெட்டா, எண்பத்தெட்டா?" என்று கேட்டார்.